மூன்றாம் மேசையில் வெள்ளைத் தூள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் கூடம்
தபால் கந்தோர் என்பதை மறந்துவிடும்.
மருதானை ரயில் ஒவ்வொன்றுக்கும்
யன்னல் கண்ணாடி அதிர
மூன்றாம் மேசையில் நான்
ஊரார் வீட்டுத் தின்பண்டங்களை
அறுத்துத் திறக்கிறேன்.
அரசாங்கம் தந்த கத்தி, அரசாங்கம் தந்த கையுறை.
மூக்கு மட்டும் சொந்தம்.

ஸ்டொக்ஹோமிலிருந்து இஞ்சி மனிதர்கள்:
ஒருவனுக்கும் கால் இல்லை.
இஸ்பஹானிலிருந்து பிஸ்தா பதித்த வெள்ளை மிட்டாய்,
வெக்கையில் இளகி, பிறகு ஒரே செங்கல்லாகி
சுத்தியல் கேட்கிறது.
டென்மார்க்கின் நீல வட்டத் தகரம் ஒன்று;
ஆசையோடு மூடியை நெம்பினேன்.
ஊசி, நூல், ஏழு சட்டைப் பொத்தான்.
அங்கேயுமா என்றாள் ருவந்தி,
சிங்களத்தில் சிரித்து.

பெய்ரூட் பெட்டியில்
பேரீச்சை விழுது அடைத்த பலகாரம்.
பெயர்: மாமூல்.
சுங்கக்காரி நான், அந்தச் சொல்லைப்
பதிவேட்டில் எழுதவா வேண்டாமா என்று
கால்மணி நேரம் பேனாவைக் கடித்தேன்.
கடைசியில் எழுதினேன்:
பேரீச்சை பிஸ்கட், ஒரு கிலோ.
யாரும் எடுக்கவில்லை.

பிறகு அது வந்தது.
பிரேயஸ் துறைமுக முத்திரை.
அனுப்புநர்: ஜோ. ரெஜினோல்ட், கப்பல் சமையலாள்.
பெறுநர்: எமல்டா, ஜம்பட்டா வீதி, கொழும்பு 13.
அட்டையின் ஒரு மூலை கிழிந்து
வெள்ளைத் தூள்
மேசையில் மெல்லக் கொட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர் விஜேதுங்க எழுந்து கதவைச் சாத்தினார்.
நாயைக் கொண்டு வந்தார்கள்.
டிங்கிரி என்று பெயர், அதாவது சின்னது;
உடம்பு கன்றுக்குட்டி அளவு.
முகர்ந்தது. இன்னொரு தரம் முகர்ந்தது.
தும்மியது.
எத்தனையோ கள்ளச் சரக்கைக் காட்டிக்கொடுத்த மூக்கு
வெள்ளையாகி, வெட்கப்பட்டு,
மேசைக்காலோரம் போய்ப் படுத்துக்கொண்டது.
குழாயில் துளி விட்டோம். நிறம் மாறவில்லை.
சீனிமா. வெண்ணெய். வாதுமை.
ஏழு வாரம் கடலில் உருண்டு
நாற்பது பிறைகள் நொறுங்கிய மா.

திங்கட்கிழமை எமல்டா வந்தாள்,
மீன் வாங்கிய பையோடு.
"போதைத்தூள் எண்டு பாத்தீங்களாமே?"
வாசலிலேயே கேட்டுவிட்டாள்.
எங்களில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
பெட்டியை ஆட்டினாள். மணல் சத்தம்.

"மூச்ச உள்ளுக்கு இழுக்காமக் கடிக்கணும் எண்டவர்.
இழுத்தா சீனி தொண்டைல ஏறிப் புரைக்குமாம்.
அங்க கலியாண வீட்டில
எல்லாரும் அப்பிடித்தான் திம்பினமாம்,
ஒரு சபையே வாய் பேசாம."

கடிக்க எங்கே மிச்சம்?
அடியில் துழாவியதில் அரைப் பிறை ஒன்று அகப்பட்டது.
எடுத்தாள். எங்களைப் பார்த்தாள்.
மூச்சைப் பிடித்தாள்.
ஏனோ ருவந்தியும் பிடித்தாள். நானும்.
பெரியவர் எழும்பி மின்விசிறியை நிறுத்தினார்.
அவள் மென்று விழுங்கும் வரை
ஒரு ரயில்கூட வரவில்லை.

பிறகு சிரித்தாள். சிரித்ததில் புரைக்கேறி
சீனிப் புகை எங்கள் முகமெல்லாம்.
"இனிப்புக் கூட. அந்த மனுசனுக்கு
எப்பவும் கை கூடத்தான்."
பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினாள்.
உத்தியோகத்தர் உண்ணலாகாது என்று
சுவரில் மூன்று மொழியில் இருக்கிறது.
பெறுமதிக் கட்டம் காலியாக இருந்தது.
வணிகப் பெறுமதி இல்லை என்று குத்தினேன்;
என்னிடம் வேறு முத்திரை இல்லை.

மாலை, நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்.
பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு.
கம்பியைப் பிடித்த கையின்
சட்டை மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு.
கொண்டக்டர் பின்கதவில்
மிச்சக் காசுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
பக்கத்துப் பெண் தூக்கத்தில்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
மடிப்பை வாயருகே கொண்டுபோனேன்.
விளக்குப் பச்சையாகி, பஸ் குலுங்கி,
பொத்தான் பல்லில் பட்டது.