வரவிலா, செலவிலா

பதிவேட்டில் நாங்கள் பதினொரு பேர்.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
வேனை விட்டு இறங்கியது நாலு பேர்:
நான், ஜெயசீலி, டீசலுக்கு முந்நூறு போட்ட முஸ்தபா,
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைச் செங்கோடன்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறி வந்து போயிருக்கிறது.
உண்ணிப் புதருக்குள் சிப்ஸ் உறை,
பீர் பாட்டிலின் கழுத்து,
ஒரு குழந்தையின் இடது செருப்பு.

செருப்பைச் சாக்கில் போடாமல்
தடுப்புச் சுவர்மேல் வைத்தாள் ஜெயசீலி.
தேடி வருவார்களாம்.

போன மாதம் உபயதாரர் கட்டிய பேனர்
'தூய மலை நம் பெருமை'
பள்ளத்தில் தலைகீழாய்க் கிடந்தது.
கயிறு பிடித்து இறங்கி எடுத்தோம்.
ஒன்றரைக் கிலோ.
எழுதிக்கொண்டேன்.
வரவிலா, செலவிலா என்று
ஆடிட்டர் கேட்பார்.

குரங்கொன்று என் கையுறையைப் பிடுங்கி
கட்டைவிரலை மட்டும் மென்று துப்பியது.
அதையும் பொறுக்கினோம்.

அடிவாரத்தில் தட்டுவடை செட்.
தின்று முடித்தால்
காகிதத் தட்டைப் போடத் தொட்டி இல்லை.
ஊருக்குச் சொல்கிற நாங்கள் நாலு பேரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
மடித்துச் சட்டைப்பையில் செருகி
அஸ்தம்பட்டி தாண்டி
வீடுவரை கொண்டுபோனான் செங்கோடன்.
பீட்ரூட் சாறு நெஞ்சுக்கு நேரே ஊறிச் சிவக்க,
கதவைத் திறந்த மனைவி அலறினாளாம்,
"எவன்யா குத்துனான்?"

அடுத்த திங்கள் போனோம்.
அதே புதர், வேறு உறைகள்.
சுவர்மேல் செருப்பு இல்லை.
வந்து எடுத்தார்களா,
குரங்கு வேலையா,
தெரியாது.

ஆண்டறிக்கை நாளைக்குத் தர வேண்டும்.
அந்த ஒரு வரிக்கு
இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.