ஒப்பு மண்

மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்கில்
மூன்று குழி போட்டாயிற்று.
ஒரு மீட்டர் வரை கப்பி. அப்புறம் களி,
நகக்கண்ணில் புகுந்தால் இரண்டு நாள் போகாது.
நாலரை மீட்டரில் மணல்:
எந்த வெள்ளத்திலோ வழிதவறிய காவிரி.
அதில்தான் அந்த வாடை.

நான்காவது குழி வேறிடத்தில் வேண்டும்.
அழுக்கை அளக்க
அழுக்குப் படாத மண்.

அடிநீர் கிழக்கே நகர்கிறது;
மேற்கே நடந்தோம், திருத்துறைப்பூண்டி சாலையோரம்.
லாரி பட்டறை, வேண்டாம்.
செங்கல் சூளை, வேண்டாம்.
வாய்க்கால் மதகில்
பூச்சிமருந்து டப்பாக்கள் மூடியோடு மிதந்தன.

“எங்க கொல்லையில எடுங்க மேடம்,
நம்ம மண்ணு சுத்தம்”
என்றார் தையல்நாயகி.
துரப்பணம் இறங்கி முடியும்வரை
கோழிகளை விரட்டிக்கொண்டே நின்றார்.

சீசாவில் ‘ஒப்பு’ என்று எழுதி
ஐஸ் பெட்டியில் மற்ற மூன்றோடு வைத்தேன்.
முடிவு வரப் பதினெட்டு நாள் என்று சொன்னேன்.
இதை மட்டும் சொல்லவில்லை:
அந்த மூன்றில் எண்ணெய் இருந்தால்
அறிக்கையில் ஒரு வரி.
இதில் இருந்தால்
எதோடு ஒப்பிடுவேன்?

அடிபம்பை அடித்துக்
கை கழுவத் தண்ணீர் விட்டார்.
களி லேசில் போகவில்லை.
ஜீப் கிளம்பிய பிறகும்
ஈரக் கையை
முகத்தருகே கொண்டுபோகாமல்
மடியிலேயே வைத்திருந்தேன்.