புதன் கிளினிக்

நூறு கிராமில் முப்பத்திரண்டு கலோரி.
தோடம்பழத்தை விடக் கொஞ்சம் கூடுதலாய் விற்றமின் சி.
நார் இருக்கு, சீனி குறைவு.
பின்னேரப் பிஸ்கட்டுக்குப் பதிலாக
எட்டு ஸ்ட்ரோபெரி.

அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியில்
ஏழு வருசமாய் இதை ஒப்புவிக்கிறேன்.
தாளில் படமும் உண்டு,
சிவப்பு மை மங்கிக்
கத்தரிப்பூ நிறத்தில்.

நான் ஒருநாளும் தின்றதில்லை.

மரக்கறி லொறி ஓட்டும் உதுமாலெப்பைக்கு
வெறுவயிற்றில் இருநூற்றுப் பத்து.
போன கிழமை நுவரெலியாவிலிருந்து
கோவாவுக்கும் லீக்ஸுக்கும் நடுவே
ஒரு பெட்டி கொண்டுவந்தார்.
சியம்பலாண்டுவைக் குழிகளில்
பாதி நசுங்கி, மூடியெல்லாம் சாறு.
"நீங்க சொன்ன சாமான், மிஸ்."

மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு
ஒன்றைக் கடித்தேன்.
பல்லில் மணல் மாதிரி விதை.
விளாங்காய்க்குப் பக்கத்து வீட்டுப் புளிப்பு.
'இனிப்பான பழம்' என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

தாளில் பேனையால் எழுதினேன்: புளிக்கும்.
கீழே, சின்னதாக: கொய்யாவும் சரி.

இன்று அவர் முறை.
"எப்படி இருந்தது?"
"அருமை மிஸ்,
சீனியில தொட்டுத் திண்டா."