பார்த்தவர் பெயர்

பத்து மாவுங் துறையில்
இருபத்திரண்டு பேருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டு
வழக்கமானதைச் சொன்னேன், மூன்று மொழியில்:
கை நீட்டாதீர்கள், தீனி வீசாதீர்கள்,
யார் கண்ணிலும் ஒன்றுகூடப் படவில்லை என்றால்
அடுத்த பயணம் இலவசம்.
கடைசி வரிக்கு மட்டும்
எல்லா மொழியிலும் தலையாட்டினார்கள்.

மலாயில் அதற்குப் பேர் லும்பா-லும்பா.
பந்தயம் பந்தயம்.
தமிழில் ஓங்கில் என்று ஒரு சொல் உண்டு என்றேன்.
நிபோங் திபால் கோதண்டம் அண்ணன்
"யார் வீட்டுத் தமிழ் தம்பி அது?" என்றார்.
எனக்கும் அது
காகிதத்தில் கிடைத்ததுதான்.

இரண்டாம் பாலத்தின் தூண்கள் பின்னால் போயின.
கடல் அன்று தே தாரேக் நிறம்.
தூரத்தில் ஒரு கப்பல்
மணலை அள்ளி
கடலின்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

ரீமாவ் தீவை ஒரு சுற்று.
மறுபடி ஒரு சுற்று.
மிதந்து வந்த மரக்கட்டை
மூன்று முறை டால்பின் ஆகி
மூன்று முறையும் மரக்கட்டை ஆனது.
நாசி லெமாக் பொட்டலங்கள் பிரிந்தன.
பிள்ளைகள் தூங்கிப்போயின.
"புலித்தீவுன்னு பேரு, புலி இல்ல.
டால்பின் படகுன்னு பேரு..."
அண்ணன் மிச்சத்தைச் சொல்லவில்லை.
சொல்லாமலே சிரித்தார்கள்.

அப்போதுதான் இயந்திரம் இருமி நின்றது.
சுழலியில் பிளாஸ்டிக் பை.
பாக் சோப்ரி கத்தியோடு குனிய
இருபத்தோரு பேரும் பின்பக்கம் கூடி
ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

பூங்காவனம் அக்கா மட்டும்
முன்பக்கம் கம்பியைப் பிடித்துத்
தலையைத் தொங்கவிட்டு
காலையில் சாப்பிட்ட தோசையைக்
கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பேருந்துக் கதவு திறப்பதுபோல்
ஒரு சத்தம்.
நான் திரும்பினேன்.
தண்ணீரில் ஒரு வளையம்,
அதற்குள் இன்னொன்று,
அவ்வளவுதான்.

கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு
அக்கா மெதுவாகச் சொன்னார்:
"ரோஸ் கலர். அங்கங்க சாம்பல்.
உரிச்ச இறால் மாதிரி.
மூச்சு விட்டுச்சு, மூஞ்சியில பட்டுச்சு.
செம நாத்தம் தம்பி."

உங்களைப் பார்த்ததா அக்கா?

"அப்படிச் சொல்லமாட்டேன்.
நான் அந்தப் பக்கம் இருந்தேன்.
அதுவும் அந்தப் பக்கம் இருந்துச்சு."

பையை அறுத்தெடுத்தார்கள். இயந்திரம் கனைத்தது.
திரும்பும் வழியெல்லாம்
கோதண்டம் அண்ணன் தலைமையில்
இலவசச் சீட்டுக்கான இயக்கம் ஒன்று
வலுவாக உருவானது.

தவுக்கேயின் சட்டம் எளிது:
ஒருவர் பார்த்தாலும் பார்த்ததுதான்.
அக்கா வாயைத் திறந்தால்
இருபத்திரண்டு சீட்டும் போச்சு.
நான் அக்காவைப் பார்த்தேன்.
அக்கா ஆசாம் போய் ஒன்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு
அடுத்த ஞாயிறா, அதற்கடுத்ததா என்று
தகப்பனைப் பிய்த்தெடுக்கும் ஒரு சின்னப் பையனைப் பார்த்தார்.

துறையில் சீட்டு நீட்டினேன்.
"எனக்கு வேணாம்.
அவருக்கே ரெண்டாக் குடு.
எப்பப் பாத்தாலும் பின்பக்கமே நிப்பாரு, பாவம்."

என்னிடம் இரண்டு நோட்டுகள்.

தவுக்கேயின் நோட்டில் எழுதினேன்:
ஞாயிறு. இருபத்திரண்டு பேர். சுழி.

பல்கலைக்கழகத்துச் சியூ யென் தந்த நோட்டில்
கட்டங்கள் அதிகம்.
நேரம்: பத்து நாற்பத்தேழு.
எண்ணிக்கை: ஒன்று.
தூரம்: ஒரு கை.
இயந்திரம்: நின்றிருந்தது.
போன திசை:
அக்காவிடம் கேட்க மறந்துவிட்டேன்.
பார்த்தவர் பெயர் என்ற இடத்தில்
என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு
அடித்துவிட்டு
பூங்காவனம் என்று எழுதினேன்.

குறிப்பு என்ற கட்டம்
சுண்டுவிரல் அகலம்.
செம நாற்றம் என்று எழுதி
அடித்து
மறுபடி எழுதினேன்.