பதினாலாம் வட்டம்

மூன்று வாரம் மாலைதோறும் நடந்தேன்,
களியக்காவிளைச் சந்தை முடிந்து
வீடுகள் தொடங்கும் இடத்திலிருந்து.
நூறு மீட்டருக்கு நூற்று முப்பத்திரண்டு எட்டு,
ஏற்றத்தில் நூற்று நாற்பது.
கையில் அட்டை, காதில் பென்சில்.
அது போதும், ஒருவனைச் சந்தேகிக்க.

'ரோடு அகலப்படுத்தவா?'
'எத்ற அடி போவும்?'
ரப்பர் ஷீட் காயப்போட்டவர்
பாதி காய்ந்ததைக் கொடியிலிருந்து உருவத் தொடங்கினார்,
முதலில் அதுதான் போகும் என்பதுபோல.
விளையாட்டு என்றேன்.
அப்படித்தான் நாலுவழிச் சாலைக்கும் சொன்னார்கள் என்றார்.

பொறுமையாகச் சொன்னேன்.
ஒரு மணி நேரம், இருபது வட்டம்,
எந்த வட்டத்துக்கும் எப்போதும் போகலாம்,
ஓடலாம், நடக்கலாம்.
ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி,
நேரில் போய்ப் பார்த்தால்தான் விடை:
மின்கம்பத்தின் எண்,
ஓடைப்பாலம் கட்டிய வருடம்,
பல் டாக்டர் வீட்டுக் கேட்டில் எத்தனை ஈட்டி.
வட்டத்துக்குப் பத்துப் புள்ளி.
பிந்தினால் நிமிடத்துக்கு ஐந்து வெட்டு.
தொடங்கும் இடம் சிவப்பு முக்கோணம்.
அதைப் பார்த்ததும்
'குடும்பக் கட்டுப்பாடா?' என்றான் டீக்கடை பிஜுமோன்.

எல்லைக்கோட்டை நான் வரையவில்லை.
தாண்ட முடியாத சுவருக்குத் தடித்த கோடு உண்டு,
தாண்டக்கூடியதற்கு மெல்லிய கோடு.
குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு
அடுத்த மாநிலம் போய்
அரை லிட்டர் பால் வாங்கி வருவதற்குக்
குறியீடு எதுவும் இல்லை.
கம்பங்கள்தான் காட்டிக்கொடுத்தன.
ஏழாம் வட்டத்தில் தமிழ்நாட்டு வாரியம்.
பதினோரு எட்டு தள்ளி எட்டாம் வட்டம்,
மலையாளம்.

கேள்வி கிடைக்காத ஒரே இடம் பதினாலு,
தங்கலீலா வீட்டு மதில் மூலை.
வெறும் சுண்ணாம்பு.
சிவப்புச் சாக்பீஸால் ஒரு ழ எழுதினேன்,
இரண்டு பக்கத்து நாக்கும் மடியும் எழுத்து
என்று கொஞ்சம் பெருமையோடு.

ஞாயிறு ஆறரைக்கு இருபத்து மூன்று பேர்.
பாலிடெக்னிக் பையன்கள் ஷிபினும் அஜினும்,
இரவு டியூட்டிக்கு முன்னால் வந்த ஒரு நர்ஸ்,
கிராம்பு வியாபாரி மோசஸ்,
கட்டி வைத்தும் அவிழ்த்துக்கொண்டு வந்த அவருடைய நாய்.
காற்றில் மீன்லாரி கழுவிய தண்ணீர்.
விசில் ஊதினேன்.

ஏழு பத்துக்குக் கரண்ட் போயிற்று,
எங்கள் பக்கம் மட்டும்.
அந்தப் பக்கம் தெருவிளக்குகள் எரிய,
இந்தப் பக்கம் செல்போன்கள்
கம்பம் கம்பமாக அண்ணாந்தன.
முக்கோணத்தில் உட்கார்ந்த எனக்கு
யார் எந்தத் தெருவில் என்று
நாய்களே அறிவித்துக்கொண்டிருந்தன:
கிழக்கே மூன்று பேர்,
இப்போது கோயில் சரிவில்,
இப்போது கேரளத்தில்.

தாள்கள் வந்தன.
பதினாலுக்கு நேராக 'ஒன்றுமில்லை',
'வெறும் சுவர்', 'தப்பான கேள்வி'.
நர்ஸ் மட்டும் எழுதியிருந்தாள்: 'ஈரம்.'

முடிவு அறிவித்து, மேஜையை மடக்கும்போது
டார்ச்சோடு வந்தார் தங்கலீலா.
பேர் கொடுக்காதவர்.
நான் உண்மையில் என்ன செய்கிறேன் என்று பார்க்க
ஒரு தாளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.
எட்டு வட்டம், எண்பது.
இருபத்து நான்கு நிமிடம் தாமதம், நூற்றிருபது.
மைனஸ் நாற்பது.
பதினாலுக்கு நேராக, அழுத்தமாக: ழ.

'கதம்பை வச்சு ஒரச்சது நாந்தானே' என்றார்.
'செவப்பாப் போட்டா
வீட்ட எடுக்கப் போறதா அர்த்தம்.'

பிறகு வரைபடத்தைப் பிஜுமோனின் மெழுகுவர்த்திக்குக் கீழே விரித்தார்.
'மதிலு வட்டத்துக்குள்ளதான இருக்கு?'
இருந்தது.
'அப்போ ஒரு ஒப்புப் போடும். தேதியும்.'
இது அரசாங்கக் காகிதம் இல்லை என்றேன்.
'தெரியும்' என்றார்.
போட்டேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்,
அங்கே ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் உறையில்
பட்டா இருந்தது.

புள்ளிப்பட்டியலை மறுநாள் திருத்தினேன்.
பதினாலை எல்லோருக்கும் நீக்கிவிட்டேன்.
அவருக்கு நீக்கவில்லை.
விதிப்படி அது தப்பு.