நூற்றிருபது மீட்டர்

கூப்பிட்டது எல்லைத் தகராறுக்கு.
மிளகுக்கொடி யார் பக்கம், சில்வர் ஓக் யார் பக்கமென்று
எஸ்டேட்டுக்கும் சாமைக் காட்டுக்கும் கோர்ட்டில் வழக்கு.
நான் கல்யாணம் எடுக்கிறவன்.
செவ்வாய்ப்பேட்டையில் கடை.
மாலை மாற்றும் நேரம் பார்த்து
மண்டபத்துக்கு மேலே ட்ரோனை நிறுத்தத் தெரியும்,
அவ்வளவுதான்.

இருபது கொண்டை ஊசியும் ஏறி
மஞ்சு விலகுமா என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து
நாலே முக்காலுக்கு ஏற்றினேன்.
நூற்றிருபது மீட்டர். அதற்கு மேல் அனுமதி இல்லை.

எல்லைக் கல் ஒன்றும் தெரியவில்லை.
தெரிந்தது வட்டங்கள்.
சாமை முழங்கால் உயரம்,
வட்டக் கோட்டில் மட்டும் கணுக்கால்.
சாய்ந்த வெயிலில் நெட்டைப் பயிரின் நிழல்
குட்டைப் பயிர்மேல் விழுந்து விழுந்து
வளையமாகியிருந்தது.
இறங்கிப் போய்த் தேடினேன்.
வெறும் சாமை.

படம் பார்த்த மறுநாளே வந்தார்
தொல்லியல் பேராசிரியர் அமலோற்பவம்.
கார் பானட்டில் விரித்துச் சிவப்பு மையால் ஏழு சுழித்தார்.
"கல்வட்டம். அடியில் கல் கிடந்தால் வேர் எங்கே போகும்?
இப்படித் தூக்கி வந்திருப்பார்கள்,
இங்கே இறக்கியிருப்பார்கள்,
வாசல் கிழக்கே."

காட்டுக்காரி சடைச்சி
படத்தைத் தலைகீழாகப் பார்த்து, திருப்பி,
நாலாவதில் விரல் வைத்தாள்.
"இது எங்க களம். அப்பாரு மாடு கட்டித் தாம்படிச்சது."
"இது வைக்கப்போரு. தீப்புடிச்சுது."
பேராசிரியர் அடித்தார். ஏழு, ஆறு, ஐந்து.
சிரித்துக்கொண்டேதான் அடித்தார்.
"அப்ப ஆறாவது?"
சடைச்சி மாட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

ராத்திரி கடையில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
அவள் வீட்டிலிருந்து ஊற்றுக்கு ஒற்றையடிப் பாதை,
ஸ்கேல் வைத்த மாதிரி.
ஆறாவது வட்டம் வந்ததும் இரண்டு பாகம் ஒதுங்கி
சுற்றிக்கொண்டு போய்
மறுபடி நேராகிறது.
அந்த இடத்தில் மரம் இல்லை, வரப்பு இல்லை, பள்ளம்கூட இல்லை.
தண்ணீர்க் குடத்தோடு எதற்கு ஒருத்தி சுற்ற வேண்டும்?
அவளுக்கு முன்னால் எத்தனை பேர்?

எஸ்டேட் வரைபடத்தின் எல்லை
ஆறாவதின் நடுவே போகிறது.
அதைத்தான் படத்தில் போட்டுத் தரவேண்டும், திங்கட்கிழமைக்குள்.
வாடகைப் பணம் முன்னமே வாங்கியாயிற்று.

மவுஸைப் பிடித்து
தெற்கிலிருந்து இழுத்துக்கொண்டே வந்தேன்.
நேராகத்தான் வந்தது,
அது வரைக்கும்.