ஒரு மாதிரி

கல்கூர்லியில் இரவுப் பணி.
நள்ளிரவு தாண்டியும் தகரச் சுவர் ஆறவில்லை.
லாரி இறக்கிப் போன காடாத்துணிப் பைகள்
நூற்று எண்பத்து நாலு.
ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் ஆழம் பூமி,
எண் எழுதி, வாய் கட்டி.

உடைத்து, அரைத்து,
முகப்பவுடர் பதம் வந்ததும்
ஐம்பது கிராம் நிறுத்தெடுத்து
ஈயத்தூளும் வெண்காரமும் கோதுமை மாவும் சேர்த்து
ஆயிரத்து நூறு டிகிரியில் வைப்பேன்.
கோதுமை மாவேதான்,
கடையில் விற்கிற அதே பாக்கெட்.
முதல் நாள் அதைப் பார்த்து நான் சிரித்ததை
டார்லீன் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

உருகிய ஈயம் பொன்னைத் தேடிப் பிடித்து
அடியில் போய்ப் படுக்கும்.
பிறகு அந்த ஈயத்தையும்
சாம்பல் கிண்ணம் குடித்துவிடும்.
மிஞ்சுவது ஒரு மணி.
குன்றிமணி என்று சொன்னால்
குன்றிமணி கோபித்துக்கொள்ளும்,
ஊசி தொட்ட புள்ளி அது.
முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பேன்.

தாலி லாக்கரில் இருக்கிறது, டிபன் டப்பாவுக்குள்.
பொன் பார்க்கும் அறைக்குள் பொன் வரக்கூடாது,
மாதிரி கெட்டுவிடுமாம்.

டன்னுக்கு ஒன்று புள்ளி நாலு.
கிரேக் விசிலடிக்கிறான்.
நாளைக்கு எங்கோ ஒரு பங்கு ஏறும்.
இங்கே ஒரு குன்று இறங்கும்.

அக்கா வாட்ஸ்அப்பில் கேட்டாள்:
"உங்க ஊர்ல தங்கம் மலிவாமே,
சேதாரம் எத்தனை பர்சென்ட்?"
கை சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டது.
அவள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு பவுன் வளையலுக்கு
பதினோரு டன் தாதுக்கல்.
அதை எட்ட அள்ளிக் கொட்டிய வெறுங்கல் எண்பது டன்.
சயனைட் கலந்த தண்ணீர் தனி.
அந்த மேட்டில் முன்பு என்ன முளைத்திருந்தது,
யார் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்,
எனக்குத் தெரியாது. அது எந்தப் பையிலும் வருவதில்லை.

"இங்க பில்லுல சேதாரம்னு ஒரு வரியே கிடையாதுக்கா"
என்று அனுப்பினேன்.
கைகூப்பும் பொம்மை மூன்று வந்தது.

மாதம் ஒருமுறை நர்ஸ் வருவாள்.
என் கையில் குத்தி, குப்பியில் பிடித்து,
எண் ஒட்டி, மூடி திருகி,
பெர்த்துக்கு அனுப்புவாள்.
அங்கே எவளோ ஒருத்தி இரவுப் பணியில்
என்னில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பாள்.
போன மாதம் ஆறு.
இந்த மாதம் எட்டு.
பத்தைத் தொட்டால் உலைப் பக்கம் விடமாட்டார்கள்.
கிரேக்குக்கு எல்லை இன்னும் மேலே,
அவனுக்குக் கர்ப்பப்பை இல்லை.

விடிந்து வீடு வந்தேன்.
பிரகலாதன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.
"என்ன, ஒரு மாதிரி இருக்கே?"
"ஒரு மாதிரிதான்" என்றேன்.
எட்டைச் சொல்லவில்லை.

தாலியைப் போட்டுக்கொள்ள மறந்து தூங்கிவிட்டேன்.
பிற்பகலில் குழியில் வெடி வைத்தார்கள்.
மேசைமேல் டிபன் டப்பா
உள்ளே எதையோ உருட்டியது.